தியேட்டரில் படம் பார்ப்பது: சீட்டிலிருந்து சத்தம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலானோர் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மிச்சமிருக்கும் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் அதே படம் ஒரு ஹாலில் பிரமாதமாகவும் பக்கத்து ஹாலில் சுமாராகவும் இருக்கும். எந்த ஸ்கிரீன், எந்த வரிசை, ஏதாவது கோளாறு என்றால் யாரிடம் சொல்வது என்ற மூன்றும் தெரிந்தால் கொடுத்த காசுக்கு முழுப் படத்தையும் பார்த்துவிடலாம். கீழே உள்ளவை பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தியேட்டர்களை மனதில் வைத்து எழுதியவை.

எந்த வரிசையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்?

திரையின் அகலத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். திரையிலிருந்து உங்கள் சீட் வரை உள்ள தூரம் அந்த அகலத்தின் ஒரு மடங்குக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையில் இருந்தால் படம் கண்ணை நிறைக்கும், கழுத்தும் வலிக்காது. 40 அடி அகலத் திரை என்றால் 40 முதல் 60 அடி தூரம். முதல் வரிசை 15 அடியில் தொடங்குகிறது, வரிசைக்கு வரிசை 4 அடி இடைவெளி என்று வைத்தால், முன்னாலிருந்து 7-ஆவது வரிசைக்கும் 12-ஆவது வரிசைக்கும் நடுவில் இது வரும். சாய்வு சோபா போட்ட ஹால்களில் வரிசைகள் 6, 7 அடி தள்ளித் தள்ளி இருப்பதால் 5-லிருந்து 8 வரை.

டேப் இல்லாமலே அளக்க ஒரு வழி உண்டு. கையை நேராக நீட்டி விரல்களை நன்றாக விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ள சாண் ஏறக்குறைய 20 டிகிரியை மறைக்கும். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை இரண்டு சாண் வந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஒன்றரை சாணுக்கும் குறைவு என்றால் பின்னால் போய்விட்டீர்கள். அந்தத் தூரத்தில் பெரிய டிவிக்கும் தியேட்டருக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துவிடுகிறது. மூன்று சாண் என்றால் பாட்டுக் காட்சியில் நீங்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். முன் வரிசையில் வேறொரு சிக்கல்: திரையின் மேல் விளிம்பைப் பார்க்கக் கண் 35 டிகிரிக்கு மேல் உயர வேண்டியிருந்தால் இரண்டரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கடைசி வரிசைதான் சிறந்தது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பழைய தியேட்டர்களில் விலை கூடிய டிக்கெட் பின்னால் இருந்ததால் வந்த பழக்கம் அது. படம் பார்க்க அது நல்ல இடம் இல்லை. சத்தத்துக்கு இன்னும் மோசம்.

சத்தத்துக்கு எந்த சீட்?

ஹாலின் ஒலியைச் சரிசெய்பவர்கள் மைக்கை வைப்பது திரையிலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், வரிசையின் நடுப்பகுதியில். எல்லா ஸ்பீக்கரும் அந்த இடத்தில் சமமாகக் கேட்கும்படிதான் அமைப்பு. 15 வரிசை ஹாலில் அது 9, 10-ஆவது வரிசை. படத்துக்கு நல்ல இடமும் சத்தத்துக்கு நல்ல இடமும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. புக் செய்யும்போது முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

சுவரை ஒட்டிய சீட்டில் பக்கவாட்டு சரவுண்ட் ஸ்பீக்கர் காதுக்குள் ஒலிக்கும். மழைச் சத்தம் வசனத்தை மூடிவிடும். கடைசி வரிசையில் பின்சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும், பேஸ் எனும் தாழ்ந்த ஒலி சுவரில் மோதித் திரண்டு உறுமும். நடுவில் இடம் இல்லை என்றால் ஓரத்துக்குப் போவதைவிட இரண்டு வரிசை முன்னால் நடுவில் உட்காருங்கள்.

ஏ வரிசை முன்னாலா, பின்னாலா?

தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். சில இடங்களில் ஏ திரைக்கு அருகில், சில இடங்களில் கடைசியில். எழுத்தைப் பார்க்காதீர்கள், சீட் வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறது என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் முன் வரிசையில் போய் விழுகிறவர்கள் ஏராளம்.

சிங்கிள் ஸ்கிரீனில் பால்கனி நல்லதா, கீழே நல்லதா?

பால்கனியின் முதல் இரண்டு, மூன்று வரிசை அருமையான இடம். பார்வை திரையின் நடுவுக்கு நேராக இருக்கும், முன்னால் யார் தலையும் மறைக்காது. தவிர்க்க வேண்டியது பால்கனிக்கு அடியில் உள்ள பின் வரிசைகள். மேலே தளம் தாழ்ந்து வருவதால் மேல்கூரை ஸ்பீக்கர்களின் ஒலி அங்கே வந்து சேராது. சத்தம் ஒரு குகைக்குள் இருந்து கேட்பது மாதிரி அமுங்கிப்போகும். கீழே உட்காருவதானால் பால்கனி விளிம்பைத் தாண்டி, தலைக்கு மேல் கூரை திறந்திருக்கும் பகுதிக்கு வந்துவிடுங்கள்.

ஒரே படம் ஆறு ஸ்கிரீனில் ஓடுகிறது. எதை எடுப்பது?

பெரிய ஸ்கிரீனை. மல்டிபிளெக்ஸ்களில் சாதாரண ஸ்கிரீன்கள் பெரும்பாலும் ஒரே விலை, ஆனால் ஒரே தரம் இல்லை. சீட் வரைபடத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். 350 சீட் உள்ள ஹாலின் திரை பெரும்பாலும் 120 சீட் ஹாலின் திரையைவிடப் பெரியது. முதல் வாரத்தில் பெரிய ஸ்கிரீன் கிடைக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்ததும் அதே படம் சின்ன ஸ்கிரீனுக்கு மாறிவிடும். அதனால் காட்சிக்கும் ஒலிக்குமாகப் பார்க்க வேண்டிய படத்தை முதல் வாரத்து திங்கள் முதல் வியாழனுக்குள் பார்ப்பது உத்தமம்: கூட்டம் குறைந்திருக்கும், ஸ்கிரீன் இன்னும் மாறியிருக்காது.

அடுத்து, லேசர் புரொஜெக்டரா என்று பாருங்கள். செனான் விளக்கு போட்ட புரொஜெக்டரில் விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். பெரும்பாலான விளக்குகளின் ஆயுள் 500-லிருந்து 2000 மணி நேரம்தான், மாற்றச் செலவும் அதிகம். சிக்கனம் பார்க்கிற இடத்தில் இரவுக் காட்சிகள் சேறு கரைத்த மாதிரி தெரியும். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). லேசரில் அந்த அளவு நீண்ட காலம் நிற்கும்.

மூன்றாவது, டால்பி அட்மாஸ். 2012-இல் வந்த இந்த ஒலி முறையில் 128 ஒலித்தடங்கள் வரை, 64 ஸ்பீக்கர் வெளியீடுகள் வரை கையாள முடியும். மேல்கூரையிலும் ஸ்பீக்கர் இருக்கும். ஆனால் ஹாலில் அட்மாஸ் இருந்தால் போதாது, படமும் அட்மாஸில் மிக்ஸ் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடுவது மேல்கூரை ஒலி இல்லாத 5.1 அல்லது 7.1 ஒலிதான். புக்கிங் பக்கத்தில் ஹாலின் பெயருக்கு அருகே மட்டும் அல்ல, படத்தின் விவரத்திலும் அட்மாஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப், ஃபிளாட் என்கிறார்களே, அது எனக்கு எதற்கு?

திரை வீணாகாமல் இருக்க. ஸ்கோப் படத்தின் வடிவம் 2.39:1, நீளமாக இருக்கும், ஃபிளாட் 1.85:1, சற்று உயரமாக. நம் பெரிய படங்களில் மிகப் பல ஸ்கோப். ஸ்கோப் திரை உள்ள ஹாலில் அந்தப் படம் ஓரத்திலிருந்து ஓரம் வரை நிறையும். ஃபிளாட் வடிவத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்.

கண்டுபிடிக்க எளிய வழி: படத்துக்கு முன் ஓடும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஃபிளாட் வடிவில் வரும். அப்போது திரையின் இரு பக்கமும் காலியாக இருந்தால் அது ஸ்கோப் திரை. விளம்பரமே திரையை நிறைத்துவிட்டால் ஸ்கோப் படம் பட்டையோடு வரும் என்று எதிர்பார்க்கலாம். நல்ல தியேட்டர்களில் அந்தக் காலி இடத்தைக் கறுப்புத் திரைச்சீலை நகர்ந்து மூடும். படத்தின் கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரிய அது உதவுகிறது. செலவு மிச்சம் என்று பல இடங்களில் அதை எடுத்துவிட்டது பெரிய நஷ்டம்.

ஐமேக்ஸுக்கும் எபிக்குக்கும் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

படத்தைப் பொறுத்தது. டிஜிட்டல் ஐமேக்ஸ் திரையின் வடிவம் 1.90:1. ஐமேக்ஸுக்கென்று எடுத்த காட்சிகள் உள்ள படத்தில் அந்த உயரம் முழுக்க நிறையும். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. முழுக்க ஸ்கோப்பில் எடுத்த படத்தை அங்கே போட்டால் மேலும் கீழும் பட்டை. திரை பெரிதுதான், ஆனால் அருகில் உள்ள நல்ல ஸ்கோப் ஸ்கிரீனில் பாதிச் செலவில் அதே நிறைவு கிடைத்துவிடும். சென்னையில் வடபழனி பலாசோவிலும் வேளச்சேரி லக்ஸிலும், கோவையில் பிராட்வேயிலும் ஐமேக்ஸ் இருக்கிறது.

எபிக் என்பது சென்னையைச் சேர்ந்த க்யூப் நிறுவனத்தின் பெருந்திரை அமைப்பு. முதலில் வந்தது 2019-இல், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் ஆந்திராவில் வரும் சூளூர்பேட்டையில். 100 அடி அகலத் திரை, லேசர், அட்மாஸ். திரையின் வடிவம் 1.89:1 என்பதால் ஸ்கோப் படத்துக்குப் பட்டை விழும், ஆனாலும் அந்த அளவுத் திரையில் படம் பெரிதாகவே இருக்கும். சென்னையிலிருந்து அங்கே படம் பார்க்க வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் காரணமில்லாமல் போகவில்லை.

பெருந்திரை ஹால்களில் சீட் கணக்கு கொஞ்சம் மாறும். திரை சுவர் முழுக்க இருப்பதால் பாதிக்குப் பின்னால் உள்ள வரிசைகளே சரி. முன் மூன்றில் ஒரு பங்கைத் தொடாதீர்கள்.

3டி ஏன் எப்போதும் மங்கலாக இருக்கிறது?

புரொஜெக்டர் முன்னால் உள்ள வடிகட்டியும் உங்கள் கண்ணாடியும் சேர்ந்து வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. 2டியில் 14 ஃபுட்-லாம்பர்ட் வர வேண்டிய இடத்தில் 3டியில் 4, 5 வந்தாலே நல்ல ஹால் என்று சொல்லலாம். அதனால் 3டி பார்ப்பதென்றால் லேசர் ஹாலைத் தேடுங்கள்.

துருவமுனைப்புக் கண்ணாடி (பேட்டரி இல்லாத லேசான வகை) கொடுக்கும் ஹால்களில் வெள்ளிப்பூச்சுத் திரை இருக்கும். அது வெளிச்சத்தை நடுவை நோக்கித் திருப்பி அனுப்பும் வகை. ஓரத்து சீட்டுகளில் படத்தின் எதிர்ப்பக்கம் இருண்டு தெரியும். 3டிக்கு நடு சீட் கட்டாயம். கண்ணாடியைச் சேலைத் தலைப்பாலோ கைக்குட்டையாலோ அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி ஒன்று பையில் இருக்கட்டும். பவர் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதற்கு மேலேயே 3டி கண்ணாடியைப் போட வேண்டும், கழற்றக் கூடாது. பொத்தானும் பேட்டரியும் உள்ள கனமான கண்ணாடி என்றால் அணிந்து திரையைப் பார்த்து, படம் இரட்டையாகவே தெரிந்தால் பேட்டரி போய்விட்டது, உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

பாட்டு நன்றாகக் கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சென்டர் ஸ்பீக்கர். திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கும். அதன் பின்னால் நடுவில் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வசனம் வருகிறது. அதன் ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டால் இசையும் சரவுண்டும் ஜோராக ஓடும், பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இது கோளாறு, சொன்னால் சரிசெய்ய முடியும்.

இரண்டாவது காரணம் வால்யூம். தியேட்டர் ஒலிக்கருவியில் ஃபேடர் என்றொரு குமிழ், 0 முதல் 10 வரை. படத்தை மிக்ஸ் செய்யும் ஸ்டூடியோவில் அது 7-இல் இருக்கும். தியேட்டரிலும் 7-இல் வைத்தால் இயக்குநர் கேட்டதையே நீங்களும் கேட்கிறீர்கள். ஆனால் டிரைலரும் விளம்பரமும் அளவுக்கு மீறிய சத்தத்தோடு வருகின்றன. யாரோ புகார் சொல்கிறார்கள், ஆபரேட்டர் 5-க்கு இறக்குகிறார், படம் தொடங்கிய பிறகும் அது 5-லேயே நிற்கிறது. 7-லிருந்து 5 என்றால் ஏறக்குறைய 6.7 டெசிபல் குறைவு. மெதுவாகப் பேசும் காட்சிகள் முழுக்கப் போய்விடும். வெளியே போய், "ஃபேடர் எத்தனையில் இருக்கிறது, கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கோளாறு இருந்தால் யாரிடம் சொல்வது? கத்தினால் போதாதா?

போதாது. முன்பு புரொஜெக்டர் ரூமில் ஆபரேட்டர் நின்று துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்; விசிலடித்தால் காதில் விழும். இன்று பல மல்டிபிளெக்ஸ்களில் காட்சி அட்டவணைப்படி கணினியே படத்தைத் தொடங்குகிறது, விளக்கை அணைக்கிறது. அறையில் யாரும் இல்லை. 300 பேர் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருக்கலாம், வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அதனால் கோளாறு தெரிந்ததும் முதல் 5, 10 நிமிடத்துக்குள் ஒருவர் எழுந்து போக வேண்டும். வாசலில் டிக்கெட் பார்ப்பவரிடம் ஸ்கிரீன் எண்ணைச் சொல்லி மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொல்வது முக்கியம். "படம் நல்லா இல்லை" என்றால் ஒன்றும் நடக்காது. "சென்டர் ஸ்பீக்கர் ஓடவில்லை", "இடது ஓரம் ஃபோகஸ் இல்லை", "2டி படத்துக்கு 3டி வடிகட்டி எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள் போல, ரொம்ப இருட்டாக இருக்கிறது", "சப்டைட்டிலின் அடிவரி திரைக்குக் கீழே வெட்டுப்படுகிறது", "ஏசி வரவில்லை" என்று சொன்னால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சரிசெய்ய முடியவில்லை என்றால் இடைவேளைக்கு முன்பே பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அல்லது வேறு காட்சிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டால் வாதம் எடுபடாது.

முதல் நாள் முதல் காட்சியா, அமைதியான காட்சியா?

இரண்டும் வேறு வேறு அனுபவம். ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றுக்குப் போனால்தான் ஏமாற்றம். நட்சத்திரப் படத்தின் முதல் காட்சியில் வசனம் பாதி கேட்காது. அறிமுகக் காட்சியில் காகிதம் பறக்கும், போன் வெளிச்சம் இருக்கும், பாட்டுக்கு எழுந்து ஆடுவார்கள். அது திருவிழா. ரோகிணி, காசி, வெற்றி போன்ற சென்னைத் தியேட்டர்களுக்கும் திருநெல்வேலி ராமுக்கும் ரசிகர்கள் தேடிப் போவது அதற்காகத்தான். அந்த உற்சாகம் வேண்டும் என்றால் நடு வரிசைக்குப் போங்கள். கதை கேட்க வேண்டும் என்றால் அன்றைக்குப் போகாதீர்கள். நள்ளிரவு, விடியற்காலைக் காட்சிகள் நிறுத்தப்பட்ட பிறகு பெரிய படங்களுக்கு இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு.

அமைதியாகப் பார்க்க வார நாள் காலைக் காட்சி, அதற்கடுத்து வார நாள் இரவுக் காட்சி. நகைச்சுவைப் படத்தையும் பேய்ப் படத்தையும் மட்டும் காலி ஹாலில் பார்க்க வேண்டாம். கூட்டம் சிரிப்பதும் அலறுவதும் அந்தப் படங்களில் பாதி.

டிக்கெட்டில் காசு எங்கே மிச்சமாகும்?

மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 2017-இல் மாநில அரசு வைத்த உச்சவரம்பு வரி நீங்கலாக 150 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டியும் உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேரும். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 100 வரை உள்ளதற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாகச் சேவைக் கட்டணம் ஏறும். நான்கு பேர் போனால் அது ஒரு பாப்கார்ன் விலை. வார நாளில் கவுன்ட்டரில் நேரே வாங்கினால் அந்தச் செலவு இல்லை. சீட்டையும் நீங்களே கேட்டு வாங்கலாம்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?

தியேட்டர்காரர் தடுக்கலாம், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் உள்ளே கொண்டுபோகலாம் என்பதும் அங்கே சொல்லப்பட்டது. தண்ணீர் எங்கே என்று கேளுங்கள். பல இடங்களில் கழிவறைப் பக்கமாக மூலையில் வைத்திருப்பார்கள்.

உள்ளே வாங்குவதானால் படம் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். இடைவேளை 10, 15 நிமிடம்தான். கழிவறை வரிசை முதல் 5 நிமிடம் நீளும், பிறகு குறையும். உணவு வரிசை கடைசி வரை குறையாது. ஆப் வழியே முன்கூட்டி ஆர்டர் செய்யும் வசதி இருந்தால் இடைவேளைக்கு 20 நிமிடம் முன்னால் போட்டுவிட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு போனை உள்ளே வையுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போக என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் சான்றிதழ். 2024 இறுதியிலிருந்து யுஏ என்பது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல்; முடிவு உங்களுடையது. ‘ஏ’ படம் அப்படி இல்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கூட இருந்தாலும் அனுமதி கிடையாது, வாசலில் திருப்பி அனுப்புவார்கள், டிக்கெட் பணம் போகும்.

சின்னக் குழந்தைகளுக்குச் சத்தம்தான் பிரச்சினை. அட்மாஸ் ஹாலையும் சுவரோர சீட்டையும் தவிருங்கள், நடைபாதை ஓரத்தில் உட்காருங்கள். காதை மூடும் குழந்தைகள் இயர்மஃப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஏசி நேராக விழும் சீட்டில் இரண்டரை மணி நேரம் குழந்தை நடுங்கும்; ஒரு துண்டோ மெல்லிய போர்வையோ பையில் இருக்கட்டும். தூங்கும் நேரத்துக் காட்சி வேண்டவே வேண்டாம், காலைக் காட்சி போங்கள்.

காது கேட்காதவர்கள், பார்வையற்றவர்கள் என்ன செய்யலாம்?

2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிமுறைகளுக்குப் பிறகு ஒலி விவரிப்பும் (காட்சியில் நடப்பதைக் குரலில் சொல்வது) எழுத்து வசனமும் உள்ள படங்கள் கூடிவருகின்றன. கிரேட்டா, எக்ஸ்எல் சினிமா போன்ற செயலிகளில் அந்தப் படத்தின் தடத்தை வீட்டிலேயே வைஃபையில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஹாலுக்குள் சிக்னல் இருக்காது. செயலி மைக் வழியே படத்தின் ஒலியைக் கேட்டுத் தானே ஒத்திசைந்துகொள்ளும், ஆகவே மைக் அனுமதியைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு காதுக்கு மட்டும் இயர்போன், மறு காது ஹாலுக்கு. இதைத் தவிர, மல்டிபிளெக்ஸ்களில் ஆங்கில சப்டைட்டிலோடு தமிழ்ப் படங்கள் ஓடுவது இப்போது வழக்கம். அதைப் படிக்க வேண்டியவர்கள் முன்னால் இருப்பவர் தலை மறைக்காத அளவுக்கு உயரமான வரிசையை எடுங்கள்.

பிடித்த காட்சியை போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

கூடாது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். சட்டத்தை விடுங்கள், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நாலு வரிசை தள்ளி எரியும் ஒரு போன் போதும், காட்சி கலைந்துவிடும்.

மறுவெளியீட்டுப் படங்களைத் தியேட்டரில் பார்ப்பது பயனுள்ளதா?

நெகட்டிவிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்து 4கே ஆக்கியிருந்தால் நிச்சயம் பார்க்கலாம். முதல் வெளியீட்டில் பிரின்ட் தேய்ந்து வந்த ஊர்களில் யாருமே பார்த்திராத நுணுக்கம் அதில் தெரியும். டிவிக்கான பிரதியைப் பெரிதாக்கி விட்டிருந்தால் முகம் எல்லாம் மெழுகு பூசினது போல வழவழவென்றிருக்கும். டிரைலரை யூடியூபில் பெரிய திரையில் ஓட்டி முடியிழையும் துணியின் நெசவும் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியை 5.1 ஆக்கிய படங்களில் பாட்டு பிரமாதமாக வரும், வசனம் நடுவிலிருந்து மட்டும் வரும். அதற்கும் அதே 9, 10-ஆவது வரிசைதான்.